கொரியாவைப் பார்க்கச் சொல்றீங்க, முழுசாப் பார்ப்போமா?

பட்டணத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள், படித்த தம்பிமார்கள், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்து இப்போது பெரிய கம்பெனிகளில் இருக்கிறவர்கள், எல்லாரும் என்னிடம் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். "அண்ணே, கொரியாவைப் பாருங்க, தைவானைப் பாருங்க. எழுபது வருஷத்துக்கு முன்னாடி நம்மள மாதிரி ஏழைங்க. விவசாயத்தைக் கட்டிக்கிட்டு அழாம தொழிலுக்கு மாறினாங்க, எங்கேயோ போயிட்டாங்க. நீங்க மூணு ஏக்கரை வெச்சுக்கிட்டு ஏன் மல்லுக்கட்டறீங்க?"

எங்கள் ஊரை அடுத்த மூன்று ஊர்களில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் போவதாக நோட்டீஸ் வந்த நாளிலிருந்து இந்தப் பேச்சு அதிகமாகிவிட்டது. நோட்டீஸ் வந்ததில் முக்கால்வாசி ஏரிப் பாசனக் கழனி. மீதி மல்லாட்டை போடும் கொல்லி. அடுத்தது எங்கள் ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இருக்கு.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். கொரியாவுக்குப் போனதில்லை. ஆனால் நூலகத்திலும் பையனுடைய போனிலும் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: கொரியாவைப் பார் என்கிறவர்கள் இடைவேளைக்குப் பிறகு தியேட்டருக்குள் நுழைந்தவர்கள். முதல் பாதியைப் பார்க்கவே இல்லை.

"புதிதாகத் தொழில்மயமான நாடுகள்" என்று பொருளாதாரப் புத்தகங்களில் ஒரு பட்டியல் இருக்கிறது. தென் கொரியா, தைவான், ஹாங்காங், சிங்கப்பூர் இந்த நாலையும் ஆசியப் புலிகள் என்பார்கள். பிரேசில், மெக்சிகோவையும் சேர்ப்பார்கள். பிற்பாடு மலேசியா, தாய்லாந்து, சீனா, துருக்கி, இந்தியா எல்லாம் பட்டியலில் ஏறின. இதில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் துறைமுகப் பட்டணங்கள். அவற்றோடு நம்மை ஒப்பிட்டுப் பேசுவதில் அர்த்தமில்லை. கொரியாவும் தைவானும் நம்மைப் போல நெல் விளையும் நாடுகள். அங்கே என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

கொரியாவில் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1949இல் வந்தது, 1950இல் திருத்தப்பட்டு நடைமுறைக்கு வந்தது. குத்தகைக்கு விட்ட நிலத்தையும், சொந்தமாகப் பயிர் செய்தாலும் சுமார் 3 ஹெக்டேருக்கு, அதாவது ஏழரை ஏக்கருக்கு மேல் இருந்ததையும் அரசு வாங்கியது. உழுகிறவனுக்குக் கொடுத்தது. விலை என்ன தெரியுமா? ஒரு வருஷ விளைச்சலில் ஒன்றரை மடங்கு. அதையும் ஐந்து வருஷத்தில் விளைச்சலாகவே கட்டினால் போதும். நிலச்சுவான்தார்களுக்குப் பத்திரம் கொடுத்தார்கள். போர்க்கால விலைவாசி ஏறியதில் அந்தப் பத்திரம் பாதிக்கு மேல் காகிதமாகிப் போனது. அதோடு விடவில்லை. நிலம் உழுகிறவனுக்கே, குத்தகை முறை கூடாது என்று இன்றைக்கும் கொரிய அரசியல் சட்டத்தின் 121ஆவது பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தைவானில் மூன்று படியாகச் செய்தார்கள். 1949இல் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்றார்கள். 1951இல் அரசு நிலத்தைச் சாகுபடியாளர்களுக்கு விற்றார்கள். 1953இல் உழுபவனுக்கே நிலம் என்று சட்டம் போட்டார்கள். விலை வருஷ விளைச்சலில் இரண்டரை மடங்கு, பத்து வருஷத் தவணை. நிலத்தை இழந்தவர்களுக்கு 70 சதவீதம் நெல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு கணக்கில் பத்திரம். மீதி 30 சதவீதம் சிமெண்டு, காகிதம் போன்ற அரசுக் கம்பெனிகளின் பங்கு. குத்தகை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பணத்தைச் சிமெண்டு ஆலைக்குள் தள்ளிவிட்டார்கள். தொழில் அப்படித்தான் ஆரம்பித்தது.

இதில் தரும சிந்தனை ஒன்றுமில்லை. வட கொரியாவில் 1946லேயே நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஜெயித்துவிட்டார்கள். நாமும் கொடுக்காவிட்டால் விவசாயி அந்தப் பக்கம் போய்விடுவான் என்ற பயம். தைவானை ஆண்ட கட்சியோ சீனாவிலிருந்து தப்பி வந்த கூட்டம். பிரித்துக் கொடுத்தது மற்றவன் நிலத்தை, அதனால் கை நடுங்கவில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் காரியம் நடந்தது. குத்தகை கட்டிச் செத்துக்கொண்டிருந்தவன் கையில் மிச்சம் நின்றது. அந்த மிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தான், சட்டை வாங்கினான், மிதிவண்டி வாங்கினான், பம்பு வாங்கினான். அந்த நாட்டுத் தொழிற்சாலைக்குச் சொந்த ஊரிலேயே வாங்குகிற ஆளும் கிடைத்தான், படித்த வேலையாளும் கிடைத்தான்.

இங்கே என்ன நடந்தது? தமிழ்நாட்டில் 1961இல் உச்சவரம்புச் சட்டம் வந்தபோது குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர். 1970இல் அதை 15 ஆக்கினார்கள். கொரியாக்காரன் வைத்த வரம்பைப்போல அதுவே இரண்டு மடங்கு. அதற்குள்ளும் பினாமி, அறக்கட்டளை என்று எத்தனை சந்து பொந்து என்பதைக் கிராமத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொரியாவில் உழுகிறவன் கைக்கு நிலம் வந்து பதினெட்டு வருஷம் ஆன பிறகு, 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய ஜனங்களில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கொரியாவையும் நம்மையும் ஒரே தராசில் வைக்கிறவர்கள் இதையும் சேர்த்து வைக்கட்டும்.

அடுத்து, பொருளாதாரம் படித்தவர்கள் சொல்கிற ஒரு வார்த்தை: உபரி உழைப்பு. ஆர்தர் லூயிஸ் என்று ஒரு மேதை, கரீபியன் கடலில் செயிண்ட் லூசியா தீவில் பிறந்தவர். 1954இல் எழுதிய கட்டுரையில், விவசாயத்தில் தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தொழிலுக்கு எடுத்துக்கொண்டால் விளைச்சல் குறையாது, நாடும் முன்னேறும் என்றார். 1979இல் நோபல் பரிசும் வாங்கினார். அவர் சொன்னதில் தப்பில்லை. கொரியாவில் அப்படித்தான் நடந்தது. ஆனால் அங்கே ஆளைத்தான் தொழிற்சாலை கூப்பிட்டது. இங்கே நிலத்தைக் கூப்பிடுகிறது, ஆளை வேண்டாம் என்கிறது.

எங்கள் பக்கம் வந்து பாருங்க. விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பெனி வேன் வரும். அதில் ஏறுகிறவர்கள் எல்லாம் இருபதைச் சுற்றிய வயசு. நாற்பது வயசுக்காரன் கேட்டுக்குள் நுழைய முடியாது. என் பையன் ஐ.டி.ஐ. முடித்து ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போகிறான். மூணு வருஷத்தில் அவன் கழுத்து அட்டையில் மூணு காண்டிராக்டர் பேர் மாறிவிட்டது, ஆனா நிற்கிற மிஷின் அதேதான். அவன் லீவுக்கு வந்தால் நடவுக்குத் தண்ணி பாய்ச்சுகிறான். கம்பெனியில் சம்பளம் நின்ற மாசமெல்லாம் வீட்டு அரிசியில்தான் ஓடியது. மூணு ஏக்கரை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டீர்களே, இதற்குத்தான். கம்பெனி கொடுக்காத பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாம் எங்களுக்கு அந்தக் கழனிதான். 2020இல் ஊரடங்கு போட்டபோது பட்டணத்திலிருந்து மூட்டை முடிச்சோடு நடந்து வந்தவர்கள் எங்கே வந்தார்கள்? இன்றைக்கும் இந்தியாவில் வேலை செய்கிற நூறு பேரில் சுமார் 45 பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட ஆள் இல்லாததுதான் காரணம். விவசாயத்தின் மேல் ஆசைப்பட்டு எல்லாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

மூன்றாவது வார்த்தை: பொது நோக்கம். வெள்ளைக்காரன் 1894இல் போட்ட நில எடுப்புச் சட்டத்தில் இருந்த வார்த்தை. நூற்றுப் பத்தொன்பது வருஷம் கழித்து, 2013இல், நாடாளுமன்றம் புதுச் சட்டம் கொண்டு வந்தது. தனியார் கம்பெனிக்காக எடுத்தால் நிலக்காரர்களில் 80 சதவீதம் பேர் சம்மதம் வேண்டும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டமானால் 70 சதவீதம். எடுப்பதற்கு முன்னால் சமூகத் தாக்கத்தை ஆராய வேண்டும். யார் யார் பிழைப்பு போகிறது, நிலமில்லாத கூலிக்காரன் என்ன ஆவான் என்று ஊருக்குள் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தமிழ்நாடு என்ன செய்தது? 2014இல் ஒரு திருத்தம் கொண்டு வந்து, தொழில் நோக்கத்துக்கு நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டம், 2001ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. நஷ்ட ஈட்டுக் கணக்கு மட்டும் புதுச் சட்டப்படி, சம்மதமும் ஆய்வும் கிடையாது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருஷம் சட்டமன்றத்தில் இன்னொரு சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. 2023இல் பெரிய திட்டங்களுக்கு நிலம் ஒருங்கிணைக்கும் சட்டம் என்று இன்னொன்று வந்தது. இந்த இருபத்தஞ்சு வருஷத்தில் ஆட்சி எத்தனை முறை மாறியது என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் நிலத்து விஷயத்தில் மட்டும் இரண்டு கழகத்துக்கும் ஒரே கொள்கை.

சரி, எடுத்த நிலத்தையாவது ஒழுங்காகப் பயன்படுத்தினார்களா? 2005இல் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் வந்தது. 2014இல் மத்திய தணிக்கைத் துறை கணக்குப் பார்த்துச் சொன்னது: மண்டலம் என்று அறிவித்த 45,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் 28,000 சொச்சம் ஹெக்டேரில்தான் வேலையே நடக்கிறது. மீதி? எங்கள் பாஷையில் தரிசு. அதிலும் பல இடங்களில் அறிவிப்பை ரத்து செய்து வேறு காரியத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள்.

தைவான் 1966இல் காவோசியுங் என்ற ஊரில் ஏற்றுமதி மண்டலம் கட்டியது. உலகமே பார்த்துக் காப்பியடித்த மண்டலம். அதன் பரப்பு சுமார் 170 ஏக்கர்தான். அதையும் நெல் வயலில் கட்டவில்லை. துறைமுகத்தைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி, கடலோரத்தில் புதுசாக நிலம் உண்டாக்கிக் கட்டினார்கள். நீங்கள் சொன்ன தைவான்தான் சாமி இது.

நீங்கள் சொன்ன கொரியாவும் ஒருநாள் நம்ம நாட்டுக்கே வந்தது. போஸ்கோ என்ற கொரிய இரும்பாலைக் கம்பெனி 1968இல் அரசு ஆரம்பித்தது. கொரியாவுக்கு இரும்பாலை எதற்கு என்று உலக வங்கி கை விரித்தபோது ஜப்பான் கொடுத்த இழப்பீட்டுப் பணத்தில் கட்டிக் காட்டினார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அந்தக் கம்பெனி 2005இல் ஒடிசாவில் ஒப்பந்தம் போட்டுச் சுமார் 4,000 ஏக்கர் கேட்டது. ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் திங்கியா ஊர் ஜனங்கள் வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைக்கிறவர்கள். மணல் பூமியில் பத்து இருபது சென்ட் கொடிக்கால் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும். பட்டா கிடையாது, வன நிலம் என்று கணக்கு. அவர்கள் வருஷக்கணக்காக வழி மறித்துப் படுத்தார்கள், கேஸ் வாங்கினார்கள், அடி வாங்கினார்கள். கடைசியில் 2017இல் நிலம் வேண்டாம் என்று கம்பெனி கை கழுவியது. உழுகிறவனுக்கு நிலம் கொடுத்து முன்னுக்கு வந்த நாட்டின் கம்பெனி, இங்கே கொடிக்கால்காரனைக் கிளப்பித்தான் உள்ளே வர வேண்டும் என்று வழி போட்டுக் கொடுத்தது யார்? நம்ம ஆட்கள்தான்.

நாலாவது வார்த்தை: ஏற்றுமதி சார்ந்த வளர்ச்சி. வெளிநாட்டுக்கு விற்று முன்னேறு என்று அர்த்தம். ரொம்ப சந்தோஷம். ஆனால் இது எங்களுக்குக் கிடையாது போலிருக்கு. வெளிநாட்டில் அரிசி விலை ஏறினால் 2022 செப்டம்பரில் நொய்க்குத் தடை, 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை. பட்டணத்தில் விலை ஏறக்கூடாது. கார் விலை ஏறினால் கார் ஏற்றுமதிக்குத் தடை போட்டு நான் பார்த்ததில்லை. கொரியாவோ 2015இல் அரிசி இறக்குமதியைத் திறந்துவிட்டபோது, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருகிற அரிசிக்கு 513 சதவீதம் வரி போட்டது. செல்போனை உலகத்துக்கே விற்கிற நாடு, நெல்லுக்கு வேலி கட்டி வைத்திருக்கிறது. அப்படியும் அந்த விவசாயிக்குப் போதவில்லை. லீ கியுங் ஹே என்ற கொரிய விவசாயி 2003இல் மெக்சிகோவின் கான்கூன் நகரத்தில், உலக வர்த்தக அமைப்புக் கூட்டம் நடந்த இடத்துக்கு வெளியே, தன்னைத்தானே குத்திக்கொண்டு உயிரை விட்டார்.

மல்லாட்டைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1990களின் ஆரம்பத்தில் நம்ம நாடு சமையல் எண்ணெயில் கிட்டத்தட்ட தன்னிறைவுக்கு வந்திருந்தது. 1994இலிருந்து கதவைத் திறந்தார்கள். இன்றைக்குப் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, அதில் பெரும் பங்கு மலேசியா, இந்தோனேசியா பாமாயில். அந்த மலேசியா எப்படிச் செய்தது? 1956இல் ஃபெல்டா என்று ஓர் அமைப்பு வைத்து, நிலமில்லாத குடும்பங்களுக்குச் சுமார் 10 ஏக்கர் கொடுத்துக் குடியேற்றியது. அதே நாட்டில் ரப்பர் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய நம்ம தமிழ் ஜனங்களில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. தோட்டத்தை வீட்டு மனையாக்கியபோது லயத்திலிருந்து பட்டணத்துப் புறம்போக்குக்குப் போனார்கள். ஒரே நாடு, ஒரே வளர்ச்சி. நிலம் கிடைத்தவன் பிழைப்பு ஒரு மாதிரி, கிடைக்காதவன் பிழைப்பு இன்னொரு மாதிரி.

இப்போ நீங்க கேட்பீங்க: அங்கெல்லாம் சர்வாதிகாரம் இருந்ததே, அதைச் சொல்லவில்லையே? சொல்கிறேன். கொரியாவில் 1961இல் ராணுவத் தளபதி பார்க் சுங் ஹீ ஆட்சியைப் பிடித்தார். தைவானில் 1949 முதல் 1987 வரைக்கும் ராணுவச் சட்டம். நிலத்தைக் கொடுத்த தைவான் அரசு, உரம் வேண்டுமானால் நெல்லைக் கொடு என்று தான் வைத்த கணக்கில் நெல்லை உறிஞ்சியது. 1973இல்தான் அதை நிறுத்தினார்கள். போஹாங்கில் இரும்பாலை கட்டக் கடலோர ஊர்களைக் காலி செய்தார்கள். சியோல் நகரத்தில் தையல் பட்டறைப் பிள்ளைகள் படும் பாட்டைப் பொறுக்காமல், தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்து என்று கத்திக்கொண்டே சியோன் தே இல் என்ற 22 வயது தொழிலாளி 1970 நவம்பர் 13இல் தீக்குளித்தார். இதெல்லாம் நமக்கு வேண்டாம். ஆனால் இங்கே கொரியாவைப் புகழ்கிறவர்கள் பலருக்கு அந்தச் சாட்டை மட்டும்தான் பிடித்திருக்கிறது. "ஜனநாயகம் அதிகமாகிப் போச்சு, அதான் வேலை நடக்கல" என்கிறார்கள். சாட்டையால் முன்னேற முடியுமானால், 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிரேசிலும் கொரியா மாதிரி ஆகியிருக்க வேண்டும். நிலச் சீர்திருத்தம் பேசிய அதிபரை அங்கே இறக்கினார்கள். தொழில் வளர்ந்தது உண்மை. நிலமில்லாதவர்கள் நகரத்துக் குன்றுகளில் குடிசை போட்டதும் உண்மை. 1984இல் தொடங்கிய நிலமற்றோர் இயக்கம் இன்றைக்கும் அங்கே நிலம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கேரளாவில் நிலச் சீர்திருத்தம் செய்தார்களே, தொழிற்சாலை வந்ததா என்றும் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. நிலம் மட்டும் போதாதுதான். தைவானில் நிலத்தோடு விவசாயிகள் சங்கம், கடன், விதை, கொள்முதல் எல்லாம் சேர்ந்து வந்தது. நிலம் அஸ்திவாரம், அதன் மேல் சுவர் எழுப்ப வேண்டியது அரசாங்கம். சுவர் எழுப்பாத இடத்தைக் காட்டி அஸ்திவாரமே வேண்டாம் என்பது என்ன நியாயம்?

நான் தொழிற்சாலைக்கு எதிரி இல்லை. என் பையனே அங்கேதான் நிற்கிறான். நான் கேட்பது நாலே விஷயம். ஏற்கனவே எடுத்துக் காலியாகக் கிடக்கிற தொழிற்பேட்டை நிலக் கணக்கை முதலில் வெளியே வையுங்கள். அது நிரம்பாமல் புதுசாக ஒரு சென்ட் எடுக்காதீர்கள். ஏரிப் பாசன நிலத்தைத் தொடாதீர்கள். சம்மதம் கேளுங்கள், 2013 சட்டத்தில் இருக்கிற மாதிரி ஊருக்குள் வந்து ஆய்வு செய்யுங்கள். பட்டா இருக்கிறவனுக்கு மட்டும் இல்லாமல், குத்தகைக்காரனுக்கும், நடவு நட்டுக் களை எடுக்கிற பெண்களுக்கும் என்ன வழி என்று எழுத்தில் சொல்லுங்கள். காலனியில் நாற்பது குடும்பம் இருக்கு, ஒரு சென்ட் நிலம் யாருக்கும் இல்லை. நிலக்காரன் காசோலை வாங்கிக்கொண்டு போன மறுநாள் அவர்கள் எங்கே வேலைக்குப் போவார்கள் என்று கேட்டேன். நிலம் அளக்க வந்தவரிடம் பதில் இல்லை.

2021இல் கொரியாவில் ஒரு விவகாரம் வெடித்தது. புது நகரம் வரப் போகிற இடத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அரசு வீட்டுவசதி நிறுவன ஊழியர்கள் விவசாயி வேஷம் போட்டு நிலம் வாங்கி, நஷ்ட ஈடு கூடுதலாகக் கிடைக்க மரக்கன்றை நெருக்கி நெருக்கி நட்டிருந்தார்கள். ஜனங்களுக்கு வந்த கோபத்தில், அடுத்த மாசமே நடந்த சியோல், பூசான் மேயர் தேர்தல்களில் ஆளுங்கட்சி தோற்றது. அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் பட்டணத்துக்காரர்கள். எங்கள் பக்கம் அறிவிப்பு வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் யார் யார் பேரில் பத்திரம் பதிவானது என்று ஊரில் எல்லாரும் பேசுகிறார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை. கொரியாவைப் பார்க்கச் சொன்ன தம்பிமார்களே, அதை நீங்க கேளுங்க. நாங்க கேட்டா மனுவாப் போகுது, நீங்க கேட்டா செய்தியா வரும்.